காதல் தேசம் அப்பாஸ் காணாமல் போனதற்கு மாதவன்தான் காரணமா?

ஒரு வாசகரின் கேள்வி:
"1996இல் காலேஜ் பையன்கள் பாதிப்பேர் அப்பாஸ் மாதிரி முடி வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள். ஐந்தே வருடத்தில் மின்னலேவில் இரண்டாவது ஹீரோ. அப்புறம் ஹார்பிக் விளம்பரம். இப்போது நியூசிலாந்து. மாதவன் வந்தார், இடத்தைப் பிடித்தார், கதை முடிந்தது. வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா?"

18.7.2023

இருக்கிறது. மாதவன் மேல் பழியைப் போடுவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். காதல் தேசம் 1996 ஆகஸ்ட். அலைபாயுதே 2000 ஏப்ரல். நடுவில், 1999இல், படையப்பா வந்துவிட்டது. அதில் அப்பாஸ் யார்? நாசரின் மகன். நீலாம்பரியின் அண்ணன் பையன். படம் முடியப் போகிற நேரத்தில் வருகிற மாப்பிள்ளை. மாதவனின் முதல் தமிழ்ப் படம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே அப்பாஸ் ஹீரோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

என் கணக்கு வேறு. குரல்.

காதல் தேசத்தில் அப்பாஸ் பேசுவதாக நாம் கேட்டது விக்ரமின் குரல். ஆமாம், சேது விக்ரம்தான். அப்போது அவர் சேது ஆகவில்லை. பி.சி. ஸ்ரீராமின் 'மீரா'வில் நடித்தும் கரையேறாமல், அமராவதியில் அஜித்துக்கும் காதலனில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர். கொல்கத்தாவில் பிறந்து, மாடலிங் செய்து, தமிழ் தெரியாமல் வந்த பையனுக்கு அந்தக் குரல் பெரிய சொத்து. ஆனால் அடுத்தவர் சொத்து.

18.7.2023, இரவு

கேசட் விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்போது பாளையங்கோட்டையில் மாமா கடையில் உட்கார்ந்திருந்தேன். கேசட் கடை. பிறகு அது சிடி கடை ஆனது, பிறகு டிவிடி வாடகை, இப்போது அதே ஷட்டருக்குள் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும். கடைக்கு வருகிறவர் வாயைத் திறந்ததும் என்ன கேட்கிறார் என்பதில் ஒரு நடிகரின் மார்க்கெட் தெரிந்துவிடும். "ரஜினி பாட்டு போட்டுக் கொடுங்க" என்பார்கள். "கார்த்திக் படம் ஏதாவது வந்திருக்கா?" என்பார்கள்.

காதல் தேசம் வந்தபோது பையன்கள் துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வந்தார்கள். 60 நிமிட கேசட். முதல் பாட்டு முஸ்தபா முஸ்தபா. கடைசிப் பாட்டும் முஸ்தபா முஸ்தபா. "ரிவைண்ட் பண்ணாமலே மறுபடி கேட்கலாம்ல அண்ணே" என்று விளக்கம் வேறு. கல்லூரிப் பிரிவு விழா சமயத்தில் அந்த ஒரு பாட்டை மட்டுமே ஒரு பக்கம் முழுக்கப் பதிந்து கேட்டவர்களும் உண்டு. ரஹ்மான் பாட்டு, வாலி வரி, எஸ்.பி.பி. பாடிய என்னைக் காணவில்லையே... எல்லாம் கேட்டார்கள். தபு யார் என்று விசாரித்தார்கள். "அப்பாஸ் படம்" என்று கேட்டு யாராவது வந்ததாக எனக்கு நினைவில்லை.

அவரைப் பார்க்க விரும்பினார்கள், அவ்வளவுதான். அது சலூனில் தெரிந்தது. எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்த சலூன்கார அண்ணாச்சி காதல் தேசம் போஸ்டரில் தபுவையும் வினீத்தையும் மடித்துவிட்டு அப்பாஸ் முகம் மட்டும் தெரிகிற மாதிரி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். சுருட்டை முடிப் பையன்கள் எல்லாம் போய் உட்கார்ந்து அந்தப் படத்தைக் காட்டுவார்கள். அவர் தலையைக் கோதிப் பார்த்துவிட்டு, "உனக்கு முரளி கட்டிங்தான் வரும்டே" என்பார்.

20.7.2023

மைக் மோகனை வைத்து மடக்கியிருக்கிறார்கள். நியாயமான மடக்கல். "மோகனும் இரவல் குரலில்தான் எண்பதுகளை ஆண்டார், அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?"

மோகனுக்கு எஸ்.என். சுரேந்தர். (விஜய்யின் தாய்மாமா. தெரியாதவர்களுக்காகச் சொன்னேன்.) ஒரே முகம், ஒரே குரல், படத்துக்குப் படம். மக்கள் அதை மோகன் குரல் என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்பாஸுக்கு அப்படி ஓர் ஆள் நிலையாக வாய்க்கவில்லை. ஒரு படத்தில் விக்ரம், இன்னொன்றில் வேறு யாரோ. ஒவ்வொரு படத்திலும் புது ஆளைப் பார்க்கிற உணர்ச்சிதான் வந்தது.

இன்னொன்று, மோகன் காலத்தில் பாட்டே கதாநாயகன். இளையராஜா பாட்டு ஓடும்போது மைக்கைப் பிடித்து நின்றால் போதும். 90களின் கடைசியில் பாட்டு அவ்வளவே பெரிதாக இருந்தாலும், ஹீரோ கடைத்தெருவில் நின்று பேசுகிற மாதிரி பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பு வந்துவிட்டது. 'மௌன ராக'த்து மோகனை 1998இல் இறக்கியிருந்தால் அவரும் திண்டாடியிருப்பார் என்று நினைக்கிறேன். இதை நிரூபிக்க முடியாது, விட்டுவிடலாம்.

21.7.2023

"ஐஸ்வர்யா ராய்க்கும்தான் இரவல் குரல், தபுவுக்கும்தான்." ஆமாம். ஹீரோயின்களுக்குக் குரல் வேண்டும் என்று தமிழ் சினிமா எப்போது கேட்டது? அது வேறு வழக்கு, வேறு கோர்ட்டு.

23.7.2023

கண்டுகொண்டேன் கண்டுகொண்டேனை நேற்று மறுபடி பார்த்தேன். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

படம் 2000 மே. சேது வந்தது 1999 டிசம்பர். அதாவது விக்ரம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்படுகிற ஹீரோ ஆன பிறகு, அப்பாஸின் முகத்திலிருந்து மறுபடி அவர் குரல் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது யார் குரல் என்று எவருக்கும் கவலையில்லை. இரண்டாம் தடவை தியேட்டரில் ஆட்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். "ஏலே, இது சீயான் சத்தம்லா?" என்று எனக்குப் பின் வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். அந்த நொடியில் திரையில் இருந்தவர் என்ன நடித்தார் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆனால் நேற்று பார்த்தபோது வேறு ஒன்று பட்டது. ஸ்ரீகாந்த் பாத்திரம் அப்பாஸுக்கு அளவெடுத்துத் தைத்தது. அழகு, கார், பைனான்ஸ் கம்பெனி, பேச்சில் பாரதி. கம்பெனி கவிழ்ந்ததும், காதலித்த பெண்ணை விட்டுவிட்டுப் பணம் இருக்கிற வீட்டில் பெண்ணெடுக்கிறான். அந்தக் கோழைத்தனத்தை அப்பாஸ் கண்ணிலேயே காட்டுகிறார். பெண் வீட்டார் முன்னால் நிமிர்ந்து பார்க்க முடியாமல் ஓரமாகத் திரும்புகிற பார்வை இருக்கிறதே, அதற்கு டப்பிங் கிடையாது. இயக்குநர் ராஜீவ் மேனன் அதைப் புரிந்து வைத்திருந்தார்.

அந்தப் பைனான்ஸ் கம்பெனி சமாச்சாரம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. 90களின் நடுவில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் போர்டு. வங்கி கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு வட்டி தருவதாகச் சொன்னார்கள். என் மாமாவும் ஒன்றில் போட்டார். கேசட் கடையை விரிவாக்க வைத்திருந்த பணம். ஒரு நாள் போனால் கதவில் பெரிய பூட்டு, வாசலில் நூறு பேர். மாமா அதற்குப் பிறகு கண்டுகொண்டேன் படத்தை டிவியில் போட்டால்கூட எழுந்து போய்விடுவார். "அந்தப் பய மூஞ்சியப் பார்த்தாலே வயிறு எரியுது" என்பார். நடிகருக்கு இதைவிடப் பாராட்டு வேண்டாம்.

24.7.2023

ஒரு திருத்தம், எனக்கல்ல, மேலே ஒருவர் எழுதியதற்கு. மின்னலேவில் அப்பாஸ் வில்லன் இல்லை. ராஜீவ் சாமுவேல் வெளிநாட்டிலிருந்து வருகிற மாப்பிள்ளை. கல்லூரியில் மாதவனின் எதிரி, சரி. ஆனால் ஏமாற்றுகிறவன் யார்? மாதவன். ராஜீவ் பெயரைச் சொல்லி ரீனாவிடம் பழகியவர் அவர்தான். ராஜீவ் ஒரு தப்பும் செய்யவில்லை. கடைசியில் பெண்ணையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறான். கைத்தட்டல் எல்லாம் மாதவனுக்கு, மிச்சம் ஹாரிஸ் ஜெயராஜுக்கு.

சும்மா வரிசை போட்டுப் பாருங்கள். படையப்பாவில் மாப்பிள்ளை. மின்னலேவில் மாப்பிள்ளை. 24 மணி நேரத்தில் எடுத்த 'சுயம்வரம்' படத்திலும் இருக்கிறார், பெயரே போதும். பம்மல் கே. சம்பந்தத்தில் கமலின் தம்பி, காதல் கல்யாணம். தமிழ் சினிமா அவரைப் பார்த்ததும் பெண்ணைப் பெற்ற அப்பாவாக மாறிவிட்டது. நல்ல நிறம், நல்ல உயரம், இங்கிலீஷ், பையன் நல்ல பையன். பெண்ணைக் கொடுக்கலாம். படத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லிக் கொடுக்க முடியாது.

26.7.2023

ஆனந்தம் படத்தை யாரும் சொல்லவில்லையே என்று ஓர் அக்கா கோபித்திருக்கிறார். அக்கா, மன்னிக்கவும், வரிசையில் வைத்திருந்தேன்.

லிங்குசாமியின் முதல் படம், 2001. மம்முட்டி மூத்தவர், அடுத்து முரளி, அடுத்து அப்பாஸ், அப்புறம் ஷ்யாம் கணேஷ். நான்கு அண்ணன் தம்பிகள், ஒரு மளிகைக் கடை. எனக்கு இதில் சுவாரசியம் என்னவென்றால், இயக்குநர் கதிர் கண்டுபிடித்த இரண்டு காலேஜ் பையன்கள் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி. 'இதயம்' முரளி, 1991. 'காதல் தேசம்' அப்பாஸ், 1996. முரளியை முதலில் கொண்டுவந்தது கதிர் இல்லை, பூவிலங்கு 1984லேயே வந்துவிட்டது, தெரியும். ஆனால் காதலைச் சொல்லாமல் புத்தகத்தோடு நிற்கிற முரளியைச் செய்தது கதிர்தான்.

முரளியும் வெளியிலிருந்து வந்தவர்தான், கன்னட தேசத்து ஆள். ஆனால் சொந்தக் குரலில் பேசினார். கருப்பு. நம் தெருப் பையன் மாதிரி இருப்பார். முப்பது தாண்டியும் காலேஜ் பையனாகவே வந்தார், கிண்டல் செய்துகொண்டே பார்த்தோம். சலூன் அண்ணாச்சி சொன்ன முரளி கட்டிங்தான் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் வந்தது. அப்பாஸ் கட்டிங் போஸ்டரோடு சரி.

அக்கா கேட்ட பல்லாங்குழிப் பாட்டு: யுகபாரதி வரி, சினேகாவோடு அப்பாஸ். அவர் பெயரில் நிற்கிற கடைசி நல்ல பாட்டு அதுதான் என்று நினைக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள்.

26.7.2023

எதிர்ப்பு வந்துவிட்டது. மின்னலே பாட்டெல்லாம் மாதவன் கணக்கு ஐயா, அதைச் சேர்க்காதீர்கள்.

2.8.2023

பெட்ரோல் பங்க் பற்றி.

நியூசிலாந்து போன பிறகு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்ததாகவும் மெக்கானிக் வேலை செய்ததாகவும் அவரே பேட்டியில் சொன்னதை வைத்து, நம் யூடியூப் சேனல்கள் அழுகிற முகத்தோடு படம் போட்டுவிட்டன. "அப்பாஸின் பரிதாப நிலை." முழுப் பேட்டியையும் பார்த்தேன். பரிதாபப்படுகிற தொனியில் அவர் பேசவே இல்லை. நடிப்பில் தனக்கு ஆர்வம் போய்விட்டது, அதனால் விலகினேன் என்கிறார். வெளிநாட்டில் போய் முதலில் கிடைத்த வேலையைச் செய்யாத தமிழன் எத்தனை பேர்? என் சித்தி பையன் மெல்போர்னில் பி.இ. பட்டத்தோடு இரவில் பெட்ரோல் பங்க்கில்தான் நின்றான். ஊரில் கேட்டால் "ஆஸ்திரேலியாவில் செட்டில்" என்போம். நடிகர் நின்றால் மட்டும் பரிதாபமாம்.

உண்மையிலேயே துக்கப்பட வேண்டிய கதை குணால். கதிர் காதலர் தினத்துக்கு, 1999இல், கொண்டுவந்த புதுமுகம். அதே ரஹ்மான், அதே அழகு, அதே வேகமான ஏற்றம். 2008இல் மும்பையில் இறந்துபோனார். சின்ன வயது. அதோடு வைத்துப் பார்த்தால், ஆக்லாந்தில் மெக்கானிக் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவரை "காணாமல் போனவர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான் இந்த இழையில் அதிகம் எழுதியிருக்கிறேன், தலைப்பை மாற்ற முடியாது, இருக்கட்டும்.

3.8.2023

ஹார்பிக்: அந்த விளம்பரத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் படம் எதையும் பார்க்காத என் பாட்டிக்கு அவர் பெயர் தெரியும். சீரியல் நடுவில் கேமராவோடு வந்து கக்கூஸ் கதவைத் தட்டுகிற பையனை, "அந்த நல்ல பிள்ளை வந்துட்டான்" என்பார். கூச்சமில்லாமல் வீட்டுக்குள் விடலாம் என்று நினைக்க வைக்கிற முகம் வேண்டும் அந்த விளம்பரத்துக்கு. மறுபடியும் மாப்பிள்ளைதான், பாருங்கள்.

19.1.2024

பொங்கலுக்கு ஊரில் எல்லாரும் கூடியிருந்தபோது திருட்டுப் பயலே ஓடியது. 2006, சுசி கணேசன். ஜீவன்தான் ஹீரோ, அப்பாஸ் அடுத்தவர் மனைவியோடு தொடர்பு வைத்திருக்கிறவர். இதைத்தான் அவர் முன்பே செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நல்ல பிள்ளை முகத்தை வைத்துக்கொண்டு கெட்டவனாக நடிப்பது. ஸ்ரீகாந்த் பாத்திரத்தில் தொடங்கிய கோட்டை ஆறு வருடம் கழித்துத்தான் ஒருவர் பிடித்தார். அதற்குள் சந்தை மாறிவிட்டது.

எப்போது மாறியது என்றால் 2002, 2003. துள்ளுவதோ இளமை, காதல் கொண்டேன். தனுஷ் வந்து நின்றதும், காலேஜ் படத்து ஹீரோ பணக்காரப் பையனாக, சிவப்பாக, மாடல் மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது. கேள்வி கேட்டவர் மாதவன் என்றார். பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் தனுஷ் என்பேன். அப்பாஸ் விட்டுவிட்டுப் போன இடத்தை யாரும் பிடிக்கவில்லை. அந்த இடமே பட்டா ரத்தாகிவிட்டது.

இதனால் குரல் பற்றி முதலில் சொன்னதைக் கைவிடுகிறேனா என்று கேட்டால், இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான். குரல் இல்லாததால் வளர முடியவில்லை, முகம் வழக்கொழிந்ததால் நிற்க முடியவில்லை.

20.1.2024

"பட்டா ரத்து" என்று எழுதியதற்கு மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். பகல் முழுக்கக் கடையில் பட்டா விண்ணப்பம் போட்டால் அப்படித்தான் வரும்.

9.8.2025

ஜி.வி. பிரகாஷ் படத்தில் அப்பாஸ் மறுபடி நடிக்கிறார் என்று அறிவிப்பு. 'ஹேப்பி ராஜ்'. பதினோரு வருடம் கழித்து என்கிறார்கள், 2014இல் வந்த 'ராமானுஜன்' கணக்கில். படத்தைப் பார்த்தீர்களா, நரைத்த தாடி நன்றாக இருக்கிறது.

எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றுதான், டப்பிங் அவரே பேச வேண்டும். 2023 பேட்டியில் அவர் தமிழ் பேசியதைக் கேட்டீர்கள்தானே. உச்சரிப்பு கொஞ்சம் தடுக்கும், வாக்கியம் நடுவில் இங்கிலீஷுக்குத் தாவும். ஆனால் மனிதரின் குரல் கனமாக, நிதானமாக இருக்கிறது. விக்ரம் குரலைவிட அவர் முகத்துக்கு அதுதான் பொருந்துகிறது. 1996இல் அந்தத் தடுமாற்றத்தோடு விட்டிருந்தால் சிரித்திருப்போம். இன்று சிரிக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். பாலக்காட்டுத் தமிழ், பெங்களூர்த் தமிழ் எல்லாம் பேசுகிற ஹீரோக்களை ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

11.8.2025

வினீத்தைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று கேட்டவருக்கு: அவர்தான் இந்தக் கதையின் இன்னொரு பாதி. வயசுப்படி பார்த்தால் உண்மையான டீன் ஏஜ் ஸ்டார் அவர்தான், 'நகக்ஷதங்கள்' 1986, அப்போது அவருக்குப் பதினாறு பதினேழு வயதுதான். காதல் தேசம் வரும்போதே பத்து வருட அனுபவஸ்தர். நடனம் கைவசம் இருந்தது, அதனால் சினிமா கை விட்டபோதும் மேடை இருந்தது. சந்திரமுகியில் ரா ரா பாட்டுக்கு அவர் ஆடியது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இது: 'லூசிஃப'ரில் விவேக் ஓபராய்க்கு மலையாளத்தில் பேசியது வினீத். அதற்குக் கேரள அரசின் டப்பிங் விருதும் வாங்கினார். காதல் தேசத்தின் இரண்டு ஹீரோக்களில் ஒருவர் இரவல் குரலில் நடித்தார், இன்னொருவர் குரலை இரவல் கொடுத்து விருது வாங்கினார்.

வினீத்துக்குத் தனி இழை போடுங்கள், மே மாதம் படத்திலிருந்து தொடங்கலாம். இங்கேயே எழுதினால் அப்பாஸ் மறுபடியும் இரண்டாவது ஹீரோ ஆகிவிடுவார்.